ஆட்டுக்கும் ஒரு மெடிக்கல் ஃபைல்: கண் இமையையும் புழுக்கையையும் எழுதிவைத்தால் மந்தை மாறுமா?

சேலம் மாவட்டத்தில் எங்க பெரியப்பாவிடம் நாற்பது சொச்சம் மேச்சேரி செம்மறி ஆடுகள் இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி மழை அடிச்சு ஓய்ந்த நேரம். ஒரே மாதத்தில் ஆறு ஆடு போயிடுச்சு. முதலில் தாடைக்குக் கீழே நீர் கோத்த மாதிரி வீக்கம். அப்புறம் மந்தையில் கடைசி ஆளா தள்ளாடி நடக்கும். ஒருநாள் காலையில் பட்டியிலேயே படுத்துக் கிடக்கும்.

"மருந்து ஊத்தாம இல்ல கண்ணு. போன வருஷம் ஊத்தின அதே மருந்துதான். இந்தத் தடவை கேக்கல" என்றார்.

அதே மேய்ச்சல், அதே மழை, அதே மருந்து. ஆனாலும் அந்த மந்தையில் ஏழெட்டு ஆடு எதுவுமே நடக்காத மாதிரி சுத்திட்டு இருந்துச்சு. அதுங்க எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்று கேட்டேன். பெரியப்பாவுக்குத் தாய் ஆடு எல்லாம் மனப்பாடம். "இது அந்தக் கொம்பில்லாத ஆட்டோட மறி, அது அதுக்குத் தங்கச்சி" என்று விரல் விட்டுச் சொல்வார். ஆனால் தகப்பன்? "ரெண்டு மூணு கிடா ஓடுச்சு. அதுல ஒண்ணை ஆடிக்கு வித்தாச்சே!"

அந்த ஏழெட்டு ஆட்டின் தகப்பன் ஒரே கிடாவாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஏன்னா, யாரும் எழுதிவைக்கல.

உலகத்தில் ஆடு வளர்க்கும் பல நாடுகள் இந்த 'எழுதிவைக்கிற' வேலையை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டு சில பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எடை, கம்பளி மட்டுமல்ல; எந்த ஆடு நோயைத் தாங்குது, எந்த ஆடு தாங்கல என்பதையும் எழுதி, அதை வைத்துப் பொலிகிடா தேர்வு செய்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது, நம்ம ஊருக்கு அதில் என்ன இருக்கு? பார்க்கலாம்.

வில்லன் யாரு?

பெரியப்பா சொன்ன அறிகுறிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ் என்ற வயிற்றுப்புழு. ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். பெண் புழுவின் உடலில் ரத்தம் நிறைந்த குடலும் வெள்ளை நிறக் கருப்பையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, சிவப்பு வெள்ளைக் கயிற்றை முறுக்கி வைத்த மாதிரி இருக்கும்.

ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லி ரத்தம்தான். கேட்கச் சின்னதாத் தெரியும். ஆனால் ஒரு ஆட்டில் 1,000 புழு இருந்தால் அது தினமும் 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டர் சொச்சம்தான் இருக்கும். தினமும் அதில் 3 சதவீதம் போய்க்கொண்டே இருந்தால்? ரத்தசோகை, ரத்தத்தில் புரதக் குறைவு, அதனால் தாடைக்குக் கீழே நீர் வீக்கம், கடைசியில் மரணம். பல நேரம் கழிச்சல்கூட இருக்காது. அதனால்தான் வளர்ப்பவருக்கு ரொம்பத் தாமதமாகத் தெரியவருது.

இன்னொரு கணக்கு. ஒரு பெண் புழு தினமும் 5,000 முட்டைக்கு மேல்கூடப் போடும். 500 பெண் புழு என்றால் ஒரே ஆட்டிலிருந்து ஒரு நாளைக்கு 25 லட்சம் முட்டை. எல்லாம் புழுக்கை வழியாக மேய்ச்சல் நிலத்துக்குப் போகும். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒரு வாரத்தில் முட்டை பொரிந்து, தொற்றக்கூடிய இளம்புழுவாகி, புல்லில் ஏறி உட்கார்ந்துவிடும். ஆடு அந்தப் புல்லை மேய்ந்தால் சுமார் மூணு வாரத்தில் அது வளர்ந்த புழு. வடகிழக்குப் பருவமழைக் காலம் இதற்கு எவ்வளவு தோதானது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து இருக்கே, அப்புறம் என்ன?

இருக்கு. ஆனால் தேய்ந்துகொண்டே வருது.

நவீன குடற்புழு மருந்துகளின் கதை 1961-ல் தயபென்டசோல் சந்தைக்கு வந்ததோடு தொடங்குகிறது. 1964-லேயே அமெரிக்காவில் அதற்குக் கட்டுப்படாத ஹீமாங்கஸ் புழுக்கள் பதிவாயின. 1981-ல் ஐவர்மெக்டின் வந்தது. 2015-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பு அது. அப்பேர்ப்பட்ட மருந்துக்கும் 1980-களின் இறுதிக்குள் தென்னாப்பிரிக்காவில் எதிர்ப்பு வந்துவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்த புத்தம் புது வகை மருந்தான மோனபான்டெல், 2009-ல் நியூசிலாந்தில் அறிமுகமானது. அதே நியூசிலாந்தில் 2013-ல் அதற்கும் எதிர்ப்பு பதிவானது.

காரணம் ஆன்டிபயாடிக் கதையில் நாம் கேட்டதேதான். மொத்த மந்தைக்கும் மருந்து கொடுத்தால் தாக்குப்பிடிக்கும் சில புழுக்கள் மட்டும் மிஞ்சும். அடுத்த தலைமுறை முழுக்க அதோட பிள்ளைகள். அடிக்கடி கொடுக்கக் கொடுக்க, எடையைக் குறைத்து மதிப்பிட்டு அரைகுறை அளவில் கொடுக்கக் கொடுக்க, இந்த வேலை வேகமாக நடக்கும். தமிழ்நாட்டில் நீலகிரி உட்பட சில பண்ணைகளிலும் இந்த மருந்து எதிர்ப்பு ஆய்வுகளில் பதிவாகியிருக்கு.

சிம்பிளா சொன்னா, புழுவை நாமே 'செலக்டிவ் பிரீடிங்' செஞ்சுட்டு இருக்கோம். ஆட்டைத்தான் செய்யல.

எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவு புழு இல்லையா?

இல்லை. முழு விஷயமும் இங்கதான் இருக்கு.

ஒரே நிலத்தில் மேயும் மந்தையில்கூட, மொத்தப் புழுவில் பெரும்பகுதி சில ஆடுகளின் வயிற்றில்தான் குவிந்து கிடக்கும். அந்தச் சில ஆடுகள்தான் நிலம் முழுக்க முட்டை பரப்பும் 'சூப்பர் ஸ்ப்ரெடர்'. மீதி ஆடுகளின் நோய் எதிர்ப்புச் சக்தி, உள்ளே வரும் இளம்புழுவை ஒட்டவிடாமல் தள்ளுகிறது அல்லது புழுவின் முட்டை உற்பத்தியைக் குறைக்கிறது.

இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு வயது, தீவனம், சினை போன்றவற்றால் வருவது. ஒரு பங்கு பெற்றோரிடமிருந்து வருவது. அந்த இரண்டாவது பங்கைத்தான் ஹெரிட்டபிலிட்டி என்கிறார்கள். புழுமுட்டை எண்ணிக்கைக்கு அது பொதுவாக 0.2 முதல் 0.3 வரை. அதாவது ஆடுகளுக்கு இடையே தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கு, குட்டிக்குக் கடத்தக்கூடியது.

கால் பங்குதானா என்று தோணலாம். பசுக்களில் பால் உற்பத்தியின் ஹெரிட்டபிலிட்டியும் ஏறக்குறைய இதே அளவுதான். அதை வைத்துத்தான் உலகம் முழுக்கப் பாலைப் பெருக்கியிருக்கிறார்கள்.

சரி, எதை எழுதணும்? எப்படி அளக்கணும்?

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் பயன்படும் அளவீடுகளில் முக்கியமான மூணைப் பார்ப்போம்.

*ஒன்று: புழுக்கையில் முட்டை எண்ணுவது.* ஆட்டின் ஆசனவாயிலிருந்து நேரடியாக எடுத்த புழுக்கை வேணும். தரையில் கிடப்பது எந்த ஆட்டுடையது என்று சொல்ல முடியாது. அதில் 2 கிராமை, உப்பு மேலும் கரையாத அளவுக்குக் கரைத்த நீரோடு சேர்த்து 60 மில்லியாகக் கலக்கி வடிகட்ட வேண்டும். முட்டை உப்புநீரில் மிதக்கும். மெக்மாஸ்டர் ஸ்லைடு என்ற கண்ணாடித் தட்டில் இரண்டு கட்டம் இருக்கும். ஒவ்வொன்றிலும் 0.15 மில்லி. மைக்ராஸ்கோப்பில் இரண்டு கட்டத்திலும் தெரியும் முட்டைகளை எண்ணி 100-ஆல் பெருக்கினால், ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை முட்டை என்பது கிடைக்கும். 9 முட்டை தெரிந்தால் 900. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1939-ல் வெளியிட்ட இந்த முறைதான் இன்றும் ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கு. நம்ம ஊர் கால்நடை மருத்துவமனைகளில் 'சாணப் பரிசோதனை' என்று கேட்டால் புரியும். ஆனால் முட்டை இருக்கா இல்லையா என்பது மட்டும் போதாது. எண்ணிக்கை வேணும் என்று சொல்லிக் கேட்கணும்.

*இரண்டு: கண் இமையின் நிறம்.* இதன் பெயர் ஃபமாச்சா. ஃபாஃபா மாலன் என்ற தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரையும், 'சார்ட்' என்ற சொல்லையும் சேர்த்து வைத்த பெயர். 1990-களில் உருவானது. ஒரு அட்டையில் ஐந்து நிறம் அச்சிட்டிருக்கும். நல்ல சிவப்பு என்றால் 1, வெளிறிப் போன வெள்ளை என்றால் 5. பகல் வெளிச்சத்தில் ஆட்டின் கீழ் இமையை மெல்ல இழுத்து, உள்பக்க நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். 4, 5 என்றால் மருந்து அவசியம். 1, 2 என்றால் வேண்டாம். 3 என்றால் குட்டி, சினை ஆடு, மெலிந்த ஆடு என்று பார்த்து முடிவெடுப்பார்கள். லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: இது ரத்தசோகையைத்தான் காட்டும். தட்டைப்புழு போன்ற வேறு காரணங்களாலும் ரத்தசோகை வரும். கண்ணில் தூசி, தொற்று இருந்தால் இமை பொய்யாகச் சிவந்து காட்டும்.

*மூன்று: பின்பக்க அழுக்கு.* வாலைச் சுற்றிக் கழிச்சல் எவ்வளவு ஒட்டியிருக்கு என்பதற்கு ஒரு மதிப்பெண். பார்க்க அருவருப்பான வேலை. ஆனால் கம்பளி ஆட்டில் அந்த ஈரத்துக்குத்தான் ஈ வந்து முட்டையிடும். அந்த ஈப்புழு உயிரோடு தோலைத் தின்னும். ஆஸ்திரேலியாவில் இது பெரிய பிரச்சனை.

இந்த மூணும் ஒரே விஷயத்தை அளப்பதில்லை என்பதுதான் சுவாரசியம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 'ரைலிங்டன் மெரினோ' என்ற மந்தையை 1980-களின் இறுதியிலிருந்து புழுமுட்டை குறைவாக இருக்கும் ஆடுகளாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். முட்டை எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. ஆனால் கழிச்சல் அதோடு சேர்ந்து குறையவில்லை. காரணம், சில ஆடுகளில் கழிச்சலை உண்டாக்குவது புழுவின் எண்ணிக்கை மட்டுமல்ல. உள்ளே வரும் இளம்புழுவை உடம்பு எதிர்த்துச் சண்டை போடுவதும்தான். அதனால் இரண்டையும் தனித்தனிக் காலமாக எழுதி, தனித்தனியாகத் தேர்வு செய்ய வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம்.

எழுதுவதில் எங்கே கோட்டை விடுவோம்?

'முட்டை 300, நல்ல ஆடு. முட்டை 1,500, மோசமான ஆடு' என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது. எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

மூணு மாசக் குட்டியையும் மூணு வயசு ஆட்டையும் ஒப்பிட முடியாது. வயது ஏற ஏற எதிர்ப்புச் சக்தி கூடும். குட்டி ஈன்ற சமயத்தில் தாய் ஆட்டின் எதிர்ப்புச் சக்தி குறைந்து முட்டை எண்ணிக்கை ஏறும். இரட்டைக் குட்டிக்குப் பால் பங்கு குறைவு. ஆற்றோரம் மேய்ந்த ஆட்டையும் கரட்டில் மேய்ந்த ஆட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அதனால்தான் பதிவு செய்யும் நாடுகளில் ஒரு கண்டிப்பான விதி: ஒரே பருவத்தில் பிறந்து, ஒரே நிலத்தில் மேய்ந்து, ஒரே நாளில் மருந்து வாங்கி, ஒரே நாளில் அளக்கப்பட்ட குட்டிகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். நீட் தேர்வு மார்க்கையும் டிஎன்பிஎஸ்சி மார்க்கையும் ஒப்பிட முடியாதில்லையா, அதே லாஜிக்.

அடுத்து, நோய் வரும் சூழல் இருந்தால்தான் தாங்கும் ஆடு எது என்று தெரியும். கோடையில் எண்ணினால் எல்லாமே பூஜ்யம் பக்கம் நிற்கும். மருந்து கொடுத்த அடுத்த வாரம் எண்ணினாலும் அப்படித்தான். கடைசியாக மருந்து கொடுத்துக் குறைந்தது ஐந்தாறு வாரம் கழித்து, மழைக்காலத்தில் எண்ண வேண்டும். அதற்காக ஆட்டைச் சாகவிட முடியுமா? கூடாது. இமை வெளிறிய ஆட்டுக்கு உடனே மருந்து கொடுத்துவிட்டு, 'இந்தத் தேதியில் இந்த ஆட்டுக்கு மருந்து தேவைப்பட்டது' என்று எழுதிவிட வேண்டும். மருந்து கேட்டது என்பதே ஒரு தரவு.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, செத்த ஆட்டையும் எழுதணும். இது யாருக்கும் பிடிக்காத வேலை. ஆனால் உயிரோடு மிஞ்சியவற்றை மட்டும் கணக்கெடுத்தால், பத்துக் குட்டியில் நாலு குட்டியைப் பறிகொடுத்த கிடாவும், ஒன்றைக்கூட இழக்காத கிடாவும் ஒரே மாதிரி தெரியும். மிஞ்சியவை எல்லாம் நல்லாத்தானே இருக்கும்!

ஒரு கிடாவால் எவ்வளவு மாறும்?

கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு மந்தையின் சராசரி 1,000 முட்டை. அதில் சராசரி 400 இருக்கும் கிடாக்களை மட்டும் பொலிகிடாவாக விடுகிறோம். பெண் ஆடுகளில் தேர்வு எதுவும் செய்யவில்லை.

கிடா, மந்தை சராசரியைவிட 600 குறைவு. குட்டிக்கு அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்பதால் பெற்றோர் சராசரி வித்தியாசம் 300. ஹெரிட்டபிலிட்டி 0.25 என்றால், குட்டிகளுக்குப் போவது 300-ல் கால் பங்கு, அதாவது 75. அடுத்த தலைமுறையின் சராசரி சுமார் 925.

'இவ்வளவுதானா?' என்றால், ஆமாம், ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான். பெண் மறிகளையும் பார்த்து வைத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் கூடும். இது ஒரே வருஷத்தில் முடியும் மேஜிக் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் இதன் பக்கம் இருக்கு. மருந்தை ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்கணும். கிடைத்த மரபணு மந்தையிலேயே தங்கி, அடுத்த சுற்றில் அதன்மேல் இன்னொன்று சேரும். இரண்டாவது, முட்டை குறைந்தால் நிலத்தில் இளம்புழு குறையும். அதனால் எதிர்ப்புச் சக்தி இல்லாத பக்கத்து ஆட்டுக்கும் தொற்று குறையும். இந்த லாபம் மேலே போட்ட கணக்கில் வரவே இல்லை.

ஒரு பெண் ஆடு வருஷத்துக்கு ஒன்றிரண்டு குட்டிதான் போடும். ஒரு பொலிகிடா முப்பது, நாற்பது பெண் ஆடுகளுக்கு அப்பாவாக முடியும். அதனால்தான் எல்லா நாட்டிலும் தேர்வின் பெரும்பாரம் கிடாவின் மேல் விழுகிறது. தப்பான கிடாவை விட்டாலும் அதே வேகத்தில் கெடும் என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துட்டா ஈஸி இல்லையா?

சில நோய்களுக்கு ஆமாம். ஸ்கிரேப்பி என்ற மூளை நோயை ஆடு வாங்குமா வாங்காதா என்பது பெரும்பாலும் ஒரே மரபணுவின் வடிவத்தைப் பொறுத்தது. பிரிட்டன் 2001-ல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கி, ரத்தப் பரிசோதனையில் கிடாக்களைத் தரம் பிரித்து, ஆபத்தான வடிவம் உள்ளவற்றை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கியது.

வயிற்றுப்புழு எதிர்ப்பு அப்படி இல்லை. சின்னச் சின்ன விளைவு தரும் ஏராளமான மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. டிஎன்ஏ முழுவதும் ஆயிரக்கணக்கான இடங்களைப் பார்த்து மதிப்பிடும் 'ஜீனோமிக்' முறை இப்போது வந்துவிட்டது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லித் தருவது எது? ஆயிரக்கணக்கான ஆடுகளில் யாரோ புழுக்கை எடுத்து எண்ணி எழுதிய பதிவுதான். டேட்டா இல்லாமல் ஏஐ இல்லை என்பது ஆட்டுக்கும் பொருந்தும்.

வெளிநாட்டு இனம் வாங்கிட்டு வந்தா?

கென்யாவின் ஈரமான கடற்கரைப் பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு இனங்களை அருகருகே வளர்த்தார்கள். ஒன்று, உள்ளூர் ரெட் மாசாய். இன்னொன்று, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த, சீக்கிரம் எடை போடும் டார்ப்பர். தனி ஆடாகப் பார்த்தால் டார்ப்பர்தான் பெரிசு. ஆனால் புழு அழுத்தம் அதிகமான அந்த இடத்தில் குட்டி இறப்பையும் சேர்த்து மந்தைக் கணக்குப் போட்டபோது ரெட் மாசாய் முந்தியது. வறண்ட பகுதியில் அந்த முன்னிலை இல்லை. அதாவது, 'நல்ல இனம்' என்பது இடத்தைப் பொறுத்தது.

இந்தியாவிலும் இந்த வேலை நடந்திருக்கு. ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம், மால்புரா ஆடுகளில் புழுமுட்டை குறைவான வழியையும் அதிகமான வழியையும் தனித்தனியாக வளர்த்து ஆய்வு செய்தது. வங்கத்தின் சுந்தரவனச் சதுப்பில் வாழும் சின்ன உருவ காரோல் ஆடு, புழுவைத் தாங்குவதில் பெயர் பெற்றது. மகாராஷ்டிராவின் பல்டனில் அதைத் தக்காணி ஆட்டோடு கலந்து சோதித்தார்கள்.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறி ஆடுகள் இருக்கு. மேச்சேரி, சென்னைச் சிவப்பு, ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர், திருச்சி கருப்பு, கோயம்புத்தூர், நீலகிரி என நமக்கே சொந்தமான இனங்கள் வரிசையாக இருக்கு. மேச்சேரிக்குச் சேலம் மாவட்டம் பொட்டனேரியிலும், நீலகிரி இனத்துக்குச் சாண்டிநல்லாவிலும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இயங்குகின்றன. அங்கே வம்சாவளிப் பதிவு உண்டு.

பிரச்சனை ஊர் மந்தையில். நம்ம ஊரில் பல மந்தைகள் ஒன்றாக மேயும். ஒரே நேரத்தில் இரண்டு மூணு கிடா ஓடும். கீதாரிகள் கிடை போட்டு ஊர் ஊராக நகரும்போது நோட்டுப் புத்தகம் எங்கே தங்கும்? அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கு. நன்றாக வளரும் கிடாக்குட்டிதான் முதலில் விலை போகும். ஆடிக்கும், பக்ரீத்துக்கும், தீபாவளிக்கும் வியாபாரி தேடி வந்து பிடித்துப் போவது அதைத்தான். மிச்சம் நிற்பது பொலிகிடா ஆகிவிடுகிறது. பணம் தேவைப்படும் குடும்பத்தைக் குறை சொல்லவும் முடியாது.

அப்போ சின்ன மந்தை வைத்திருப்பவர் என்னதான் செய்யலாம்?

ஐடி வேலையை விட்டுட்டு ஆட்டுப்பண்ணை வைக்கலாமா என்று யோசிக்கிற ஆளாக இருந்தாலும் சரி, ஊரில் அப்பா அம்மா ஆடு வைத்திருந்தாலும் சரி, இதை இந்த மழைக்காலத்திலேயே தொடங்கலாம்:

• ஒவ்வொரு ஆட்டுக்கும் காதில் எண் வில்லை. அடையாளம் இல்லாமல் எந்தப் பதிவும் இல்லை.

• பொலி சேர்க்கும் காலத்தில் ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு கிடா. தகப்பன் யார் என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும். கிடாவின் வயிற்றில் சாயம் பூசி, எந்த ஆட்டோடு சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதும் உண்டு.

• ஒரு நோட்டு, அல்லது போனில் ஒரு ஷீட். காலங்கள் இவ்வளவுதான்: ஆட்டின் எண், தாய், தகப்பன், பிறந்த தேதி, ஒற்றையா இரட்டையா, எடை, இமை நிறம், முட்டை எண்ணிக்கை, மருந்தின் பெயரும் தேதியும், இறந்தால் தேதியும் காரணமும்.

• மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இமை பார்ப்பது. அட்டையைப் பயன்படுத்தும் முறையைக் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

• மருந்து வேலை செய்யுதா என்று சோதிப்பது. கொடுக்கும் முன் ஒருமுறை, 10 முதல் 14 நாள் கழித்து ஒருமுறை முட்டை எண்ண வேண்டும். எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் புழு அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். அடுத்து என்ன மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்லணும்.

• ஒரே வருஷத்தில் திரும்பத் திரும்ப மருந்து கேட்ட ஆட்டின் குட்டியை இனத்துக்கு வைக்காமல் இருப்பது. மருந்தே கேட்காமல் நன்றாக வளர்ந்த கிடாக்குட்டிகளில் இரண்டையாவது வியாபாரிக்குக் காட்டாமல் இருப்பது!

முப்பது, நாற்பது ஆடு வைத்துக் கணக்குப் போட்டால் தற்செயல் எது, மரபு எது என்று பிரிப்பது கஷ்டம் என்பதும் உண்மை. அதனால்தான் வெளிநாடுகளில் பல பண்ணைகள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸில் பதிவிட்டு, சில கிடாக்களைப் பண்ணை விட்டுப் பண்ணை மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். அப்போது எந்த மந்தையை எந்த மந்தையோடும் ஒப்பிட முடியும். நம்ம ஊரில் ஒரு கிராமத்தில் பத்துப் பேர் சேர்ந்தாலே 400 ஆடு வந்துவிடும். அதற்குத் தேவை ஒரே மாதிரி நோட்டும், மாற்றிக்கொள்ள நாலு நல்ல கிடாவும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவுக்கு ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்தேன். "எனக்குத் தெரியாததா இதுல எழுதப் போற?" என்று சிரித்தார். பிறகு அண்ணன் மகள் பேனாவோடு பக்கத்தில் உட்கார, தாய் ஆடு, அதன் தாய், அதற்கு மழையில் என்ன ஆச்சு என்று அவர் சொல்லச் சொல்ல ரெண்டு பக்கம் நிறைந்தது. தகப்பன் காலம் மட்டும் காலி. இந்த வருஷம் கூட்டத்துக்கு ஒரு கிடாதான் விட்டிருக்கார். அதன் காதில் எண் 1.